நாற்பது சில்லுகள்

கலைமணி குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை மடக்கி ஒரு தட்டு, காதருகே வைத்து ஒரு கவனிப்பு. மூன்றாவது குடத்தைத் தட்டும்போதுதான் சூளைக்காரர் கிருஷ்ணமூர்த்தி தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

“குடிக்கத் தண்ணி ஊத்தி வைக்கவா சார் வாங்குறீங்க?”

“இல்லங்க. எங்கண்ணன்…”

“தெரியும். காலையிலயே சேதி வந்துருச்சு. ஒடைக்கப் போற கொடத்துல ஓட்ட இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னுதான் கேட்டேன்.”

கலைமணி குடத்தைக் கீழே வைத்தார். ஐம்பத்து நான்கு வயது, தலைமையாசிரியர். கைக்கு வந்த எதையும் சோதித்துப் பார்க்காமல் வாங்கிப் பழக்கமில்லாதவர். கொள்ளி வைக்கிறவனே குடம் வாங்கக் கிளம்புகிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. “வேற ஆளா இல்ல? நீ உக்காரு” என்று பங்காளிகள் தடுத்தும் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வீட்டில் அண்ணன் அரியமுத்து கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். பெரம்பலூரிலிருந்து அண்ணன் மகள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். இரண்டு முகங்களையும் ஒரே இடத்தில் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை. உண்மை அவ்வளவுதான்.

அரியமுத்து உடையார்பாளையம் பக்கம் ஒரு முந்திரிக்காட்டில் காவல் இருந்தார். விடியற்காலையில் கொட்டகைக் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். டம்ளரில் பாதி டீ அப்படியே இருந்ததாம்.

கிருஷ்ணமூர்த்தி வைக்கோல் பிரியைக் குடத்தின் கழுத்தில் சுற்றிக் கொடுத்தார். பிறகு கொட்டகைக்குள் போய் மூலையிலிருந்து ஒரு சாக்குப்பையைத் தரதரவென்று இழுத்து வந்து வண்டிச் சக்கரத்தருகே போட்டார்.

“இதையும் எடுத்துட்டுப் போயிருங்க. ஆறு வருசமா கெடக்குது.”

கலைமணி பையின் வாயைப் பிரித்தார். உள்ளங்கை அகலத்தில் பானைச் சில்லுகள். ஒவ்வொன்றின் ஓரமும் கல்லில் தேய்க்கப்பட்டு மழமழவென்று இருந்தது. எண்ண வேண்டியதில்லை, நாற்பது இருக்கும்.

“திருமழபாடிக்கு ஒரு சாவுக்குப் போறேன், வந்து எடுத்துக்கறேன்னு ஒங்கண்ணன் வச்சுட்டுப் போனாரு. அப்பறம் வரல. பள்ளிக்கூடத்துல பெரச்சனைன்னு கேள்விப்பட்டு நான்தான் ஒருநா வழிமறிச்சுக் கேட்டேன். ஒன் சில்லு எங்கொட்டாயில கெடக்குதே, நீ எப்புடிண்ணே சுடுகாட்டுல போயிப் பொறுக்கிருப்ப, நான் வந்து சொல்றேன்னேன்.” கிருஷ்ணமூர்த்தி கையிலிருந்த மண்ணைத் தட்டினார். “வேணாம் கிட்டு, வுட்டுரு, எந்தம்பி பொழப்புன்னுட்டாரு.”

கலைமணி பையின் வாயை மறுபடி சுற்றிக் கட்டினார். ஆறு வருஷமாக இந்த ரகசியம் தனக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார். இந்த மனிதர் தன்னைக் கடைத்தெருவில் எத்தனை முறை பார்த்து வணக்கம் வைத்திருப்பார்! ஒவ்வொரு வணக்கமும் இப்போது திரும்பி வந்து முகத்தில் அடித்தது.

“கொடம் பத்தரம். பின்னாடி கட்டாதீங்க, முன்னாடி வச்சுக்குங்க” என்றார் கிருஷ்ணமூர்த்தி.

*

ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் பழைய கிரேக்கம் ஒரு பாடம். ஏதென்ஸ் என்றொரு ஊர். அந்த ஊரே ஒரு நாடு. ராஜா கிடையாது. குடிமக்கள் குன்றின்மேல் கூடிக் கையைத் தூக்கி முடிவெடுப்பார்கள். அங்கே ஒரு வினோதமான வழக்கம் இருந்தது. இவன் இருந்தால் ஊருக்கு ஆகாது என்று தோன்றினால் அவன் பெயரை உடைந்த பானைச் சில்லில் கீறிப் போடலாம். மொத்தம் ஆறாயிரம் சில்லு விழுந்துவிட்டால் போதும். யார் பெயர் அதிகமோ அவன் பத்து நாளில் மூட்டை கட்ட வேண்டும். பத்து வருஷம் கழித்துத் திரும்பி வரலாம். குற்றப்பத்திரிகை கிடையாது, விசாரணை கிடையாது.

கலைமணி இதை வெறுமனே படித்துக் காட்டுகிற ஆசிரியர் இல்லை. வருஷாவருஷம் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு சில்லும் ஒரு ஆணியும் கொடுத்துவிடுவார். ஆள் பெயர் எழுதக்கூடாது, வகுப்பைவிட்டுத் துரத்த வேண்டிய விஷயம் ஒன்றை எழுத வேண்டும். கொசு, பிரம்பு, காலைப் பசி என்று விழும். ஒரு வருஷம் முப்பத்தொரு சில்லில் ‘கணக்கு’ என்று இருந்தது. கணக்கு வாத்தியார் ஒரு வாரம் கலைமணியோடு பேசவில்லை.

சில்லு கொண்டு வருகிற வேலை அரியமுத்துவுடையது. அதே பள்ளியில் அவர் அப்போது பகுதிநேரக் காவலர், மணி அடிப்பதும் அவர்தான். கிருஷ்ணமூர்த்தியின் சூளையில் வெடித்துப்போன பானைகளைப் பொறுக்கி, அங்கேயே உட்கார்ந்து ஓரத்தையெல்லாம் கல்லில் தேய்த்து, பெருவிரலால் தடவிப் பார்த்து, இன்னும் கூராக இருந்தால் மறுபடி தேய்த்துக் கொண்டுவருவார். “புள்ளைங்க கையக் கீசிரும்” என்பார். அவர் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. கையெழுத்துப் போடத் தெரியும், அதற்குமேல் எழுத்து வராது. ஆனால் ஏதென்ஸ் பாடம் நடக்கிற அன்று ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு வரி விடாமல் கேட்பார்.

“பொம்பளைங்க, அடிமைங்க, வெளியூர்லேருந்து பொழைக்க வந்தவங்க, யாருக்கும் அந்தக் கூட்டத்துல எடம் கெடையாது” என்று கலைமணி சொன்னபோது, “அப்ப நம்ம தெருவயும் கையத் தூக்க வுட்டுருக்க மாட்டான்” என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. வகுப்பு சிரித்தது. கலைமணியும் சிரித்தார். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் நாற்று நட்ட தெரு அது. அந்தத் தெருவின் முதல் பட்டதாரி அவர்.

அரியமுத்துவுக்கு மிகவும் பிடித்தது ஒரு கதை. ஏதென்ஸில் நேர்மைக்குப் பேர்போன ஒருவர் இருந்தார். சில்லுப் போடுகிற நாளில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன் வந்து, அவர் யாரென்று அறியாமல், அவர் பெயரையே சொல்லி எழுதிக் கொடுக்கச் சொன்னான். அவர் மறுபேச்சில்லாமல் தன் பெயரைத் தானே கீறிக் கொடுத்தார்.

அன்று மாலை வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது அரியமுத்து கேட்டார்: “ஏந் தம்பி, வேற எதாச்சும் பேர எழுதிக் குடுத்துருக்கலாமுல்ல? அவனுக்குப் படிக்கவா தெரியும்?”

“அதாண்ணே நேர்ம.”

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார்: “பத்து வருசத்துக்குள்ள செத்துட்டான்னா?”

“யாரு?”

“வெளிய அனுப்புனாங்கள்ல, அந்த ஆளு.”

அது புத்தகத்தில் இல்லை என்றார் கலைமணி.

*

ஆறு வருஷத்துக்கு முன்னால் பெரிய அதிகாரி ஒருவர் ஏதென்ஸ் வகுப்பைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வாரம் பார்த்து அரியமுத்து திருமழபாடிக்குப் போய்விட்டார், மனைவி வழியில் ஒரு சாவு. சில்லு தயாராக இருக்கிறதா என்று கேட்கக் கலைமணிக்குத் தோன்றவில்லை. நினைவு வந்தது வகுப்பு நாள் காலையில், பாதி வழியில். போனில் அண்ணன் கிடைக்கவில்லை. சூளைக்குத் திரும்பினால் பிரார்த்தனைக்கு நேரமாகிவிடும். ஓடைக்கரைச் சுடுகாட்டைக் கடக்கும்போது எரிமேடையைச் சுற்றி உடைந்த குடங்கள் கிடப்பதைப் பார்த்தார்.

மண்ணுக்கு என்ன தீட்டு என்று சொல்லிக்கொண்டார். மூடநம்பிக்கையைப் பற்றி மேடையில் அரைமணி நேரம் பேசக்கூடியவர். நாற்பது சில்லுகளைப் பையில் அள்ளி, பள்ளிக் குழாயடியில் யாரும் வருவதற்குள் கழுவி எடுத்தார். ஒன்றில் வட்டமாக ஒரு துளை இருந்தது. பார்க்க அருங்காட்சியகத்துப் பொருள்போல இருக்கிறதே என்று அதை நன்றாகப் படிக்கிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார். படித்த மனிதரின் புத்தி சில நேரம் அப்படித்தான் வேலை செய்யும். அதிகாரி கைகொடுத்துப் பாராட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பெண் துளைச் சில்லை வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டினாள். பிணத்தைச் சுற்றி வரும்போது எந்தக் குடத்தில் கத்தி முனையால் துளை போடுவார்கள் என்று தெரிந்துகொள்ளத் தமிழ்நாட்டில் யாருக்கும் பாடப்புத்தகம் வேண்டாம். அன்றிரவே பெண்ணுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மறுநாள் காலை இருபது பேர் பள்ளி வாசலில் நின்றார்கள்.

“அவங்க தெருவுப் புத்தி எங்க போவும்?” என்று ஒருவர் சொன்னது உள்ளே கேட்டது.

தலைமையாசிரியர் பாலசுந்தரம் கலைமணியைக் கூப்பிட்டுக் கேட்டார்: “சில்லு எங்கேருந்து வந்துச்சு?”

அந்த வருஷம் பதவி உயர்வுப் பட்டியலில் கலைமணியின் பெயர் இருந்தது. இருபது பேர் வாசலில் நின்றார்கள். அவர் சொன்னார்: “எப்பவும் எங்கண்ணந்தான் சார் கொண்டாருவாரு.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கலைமணி ஒரு பொய்கூடச் சொல்லாமல் மறைத்துவிட்டார். அந்த வாக்கியத்தில் எந்தச் சொல்லும் பொய்யில்லை. எப்பவும் அண்ணன்தான் கொண்டு வருவார். ஊருக்குப் போகுமுன் கொடுத்துவிட்டுப் போயிருப்பார் என்று பாலசுந்தரமே முடித்துக்கொண்டார்.

மறுநாள் ஊரிலிருந்து திரும்பிய அரியமுத்துவை அலுவலக அறையில் நிறுத்தினார்கள். மேசைமேல் துளைச் சில்லு இருந்தது. அவர் அதை எடுத்து ஓரத்தைப் பெருவிரலால் தடவினார். தேய்க்காத ஓரம். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். அரை நிமிஷம்கூட இருக்காது.

“நான்தாங்க சார் எடுத்தாந்தேன். தெரியாமப் பண்ணிட்டேன்.”

“எழுதிக் குடு” என்றார் பாலசுந்தரம்.

“எழுத வராதுங்க சார். எந்தம்பி எழுதுவாரு.”

கலைமணி எழுதினார். ‘அரியமுத்து ஆகிய நான்’ என்று தொடங்கி, சுடுகாட்டிலிருந்து என்ற சொல்லையும் சேர்த்து, தேதி போட்டு, அழகான கையெழுத்தில். அண்ணன் கீழே பெயரைப் போட்டார். ‘முத்து’வில் ‘த்’துக்குப் புள்ளி வைக்க மறந்து, மறுபடி பேனாவைக் கேட்டு வாங்கி வைத்தார். அன்றோடு காவல் வேலை போயிற்று. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

மாலையில் வீட்டுப் பின்பக்கம் கலைமணி “அண்ணே” என்று தொடங்கினார். அரியமுத்து கையமர்த்தினார். “ஒனக்குப் பென்சன் இருக்கு. எனக்கு என்ன இருக்கு, போறதுக்கு?” என்று சொல்லிச் சிரித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

ஆனால் போவதற்கும் ஒன்று இருந்தது. அவருடைய ஒரே மகள் வெற்றிச்செல்வி அப்போது அதே ஒன்பதாம் வகுப்பில் படித்தாள். அவள் குடித்த குழாயில் பிறகு யாரும் வாய் வைக்கவில்லை. அவள் பெஞ்சில் அவள் மட்டும்தான். அவள் பெயரையே விட்டுவிட்டு ‘சுடுகாட்டுச் சில்லு’ என்றார்கள். பத்தாம் வகுப்புக்குப் பெரம்பலூர் விடுதிக்குப் போனவள் அப்புறம் ஊர்ப்பக்கம் வந்ததே குறைவு. இப்போது நர்சிங் மூன்றாம் வருஷம். அப்பா பார்க்கப் போனால் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திப் பையை மட்டும் வாங்கிக்கொள்வாளாம். கலைமணிக்கு இது தெரியும். வருஷாவருஷம் தெரியும்.

*

அவர் குடத்தோடு வந்து சேர்ந்தபோது பறை அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஓய்வு பெற்றுவிட்ட பாலசுந்தரம்கூட மாலையோடு வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணி அம்சவள்ளி பெட்டியின்மேல் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“கொடத்துக்கு நீங்க ஏந் தம்பி போனீங்க? வெயில்ல.”

அந்த ‘வெயில்ல’ என்பது அவரைக் கொன்றது. அண்ணிக்கு எதுவும் தெரியாது.

வெற்றிச்செல்வி வீட்டுப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே நின்றிருந்தாள். தோளில் காலேஜ் பை இன்னும் இறங்கவில்லை. அழவில்லை. உள்ளே போய் அப்பாவின் முகத்தைப் பார்க்கவுமில்லை என்று பெண்கள் கிசுகிசுத்தார்கள். கொள்ளி வைக்கிறவன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று சடங்கு செய்ய வந்த தர்மராஜ் கலைமணியைப் பின்பக்கம் அனுப்பினார். இரண்டு குடம் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு திரும்பியபோது அவள் அங்கேயே நின்றாள்.

“உள்ள போயி அப்பாவப் பாரும்மா.”

“பாக்கறேன் சித்தப்பா.” நகரவில்லை. தொட்டித் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்: “ஒரே ஒரு தடவ கேட்டேன். ஏம்ப்பா அங்க போயிப் பொறுக்குன, வேற எடமே கெடைக்கலயான்னு. சிரிச்சாரு. நான் அழுதுட்டு நிக்கிறேன், அவரு சிரிக்கிறாரு. அன்னைக்குப் பேச்ச நிறுத்துனேன்.” மூக்கை உறிஞ்சினாள். “போன வாரம்கூட முந்திரிப்பருப்பு கொண்டாந்தாரு. கேட்டுலயே வாங்கிட்டு அனுப்பிட்டேன். தண்ணி குடிச்சியான்னுகூடக் கேக்கல.”

கலைமணியின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கம் பறைச் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் அரைமணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். இப்போது சொல்லாவிட்டால் இவள் இந்த அப்பாவைத்தான் வழியனுப்புவாள். சுடுகாட்டில் சில்லுப் பொறுக்கி மகளின் தலையைக் குனிய வைத்த அப்பாவை. அது நன்றாகத் தெரிந்தும் அவர் கால் முன்பக்கம் போகத்தான் திரும்பியது. இரண்டு அடி வைத்தும்விட்டார். சுவரோரம் அவரே இறக்கி வைத்த சாக்குப்பை காலில் இடறியது.

பையைத் தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தார்.

“இது என்ன?”

“அப்பா அந்த வருசம் எடுத்து வச்ச சில்லு. சூளையில இருந்துச்சு. அவரு அங்கேருந்துதான் எடுத்தாரு.”

அவள் குனிந்து ஒன்றை எடுத்தாள். ஓரத்தில் பெருவிரலை ஓட்டினாள். சின்ன வயதில் அவளும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்திருக்கிறாள்.

“அப்ப அது?”

“அத எடுத்தாந்தது நான்.”

பறைச் சத்தம் திடீரென்று நின்று மறுபடி தொடங்கியது. அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. ஒரு நோயாளியிடம் விவரம் கேட்பவள்போலக் கேட்டாள்.

“அந்த லெட்டரு?”

“நான்தான் எழுதுனேன்.”

“கையெழுத்து?”

“அவரு போட்டாரு.”

“என்ன எழுதிருக்குன்னு அப்பாவுக்குத் தெரியுமா?”

“படிச்சுக் காட்டுனேன்” என்றார் கலைமணி.

சொன்ன பிறகுதான் அதன் கேவலம் அவருக்கே முழுதாக விளங்கியது. படித்துக் காட்டியதை இத்தனை நாளும் ஒரு நல்ல காரியமாக, தன் பக்கம் இருக்கிற ஒரே நியாயமாக நினைத்து வந்திருக்கிறார். அண்ணனை ஏமாற்றவில்லை, படித்துக் காட்டித்தான் வாங்கினேன் என்று எத்தனையோ இரவு தனக்குத்தானே சொல்லித் தூங்கியிருக்கிறார்.

வெற்றிச்செல்வி தோள்பையைக் கழற்றித் தொட்டிமேல் வைத்தாள். கையிலிருந்த சில்லைப் பையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்டது. அம்சவள்ளியுடையது இல்லை. சுவரில் சாய்ந்து நின்ற கலைமணி காதைப் பொத்திக்கொள்ள நினைத்தார். அதற்கும் வெட்கமாக இருந்தது.

*

நாலு மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். கலைமணி தோளில் தண்ணீர்க் குடத்தோடு முன்னால் நடந்தார். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். நின்றார்கள். அம்சவள்ளியை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் வெற்றிச்செல்வி நிற்கவில்லை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கு வரக்கூடாது பாப்பா” என்றார் தர்மராஜ்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. கலைமணிக்கு எதிரே வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

“கொடத்தக் குடுங்க சித்தப்பா. எங்கப்பாவுக்கு நான் வைக்கிறேன்.”

பறை நின்றது. பாடை தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். “என்னம்மா புதுப் பழக்கம்? சித்தப்பா உசுரோட இருக்கயில?” என்றார் ஒரு பங்காளி. “நீங்க சொல்லுங்க சார், நீங்க சொன்னாக் கேக்கும்” என்று எல்லோரும் தலைமையாசிரியரின் வாயைப் பார்த்தார்கள்.

கலைமணி குடத்தை இறக்கி அவள் கையில் கொடுத்தார். தோள் சட்டென்று லேசானது. அப்படி லேசானதே அவருக்குத் தாங்கவில்லை. மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, “எல்லாருகிட்டயும் சொல்லிடுறேம்மா” என்றார்.

“எங்கிட்ட ஏன் கேக்குறீங்க?” அவள் குடத்தைத் தோளில் ஏற்றினாள். “அப்பா சொல்லல. நானும் சொல்ல மாட்டேன். நீங்களாச்சு.”

ஊர்வலம் நகர்ந்தது. முதன்முறையாக அவர் பின்வரிசையில் நடந்தார். பாலசுந்தரம் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார்.

“படிச்ச புள்ளங்க, நாம ஒண்ணும் சொல்ல முடியாது” என்று ஆறுதல் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும், “தங்கமான மனுசன் கலைமணி உங்கண்ணன். அந்த ஒரு தப்பத் தவிர அவருகிட்ட ஒரு கொற சொல்ல முடியாது” என்றார்.

ஓடைக்கரை வந்துவிட்டது. எரிமேடையைச் சுற்றி இன்றும் சில்லுகள் கிடந்தன. எதை எந்த இடத்தில் பொறுக்கினார் என்பதுகூடக் கலைமணிக்கு நினைவிருந்தது. மேடைக்கல்லின் மூலையில் வண்டியை நிறுத்தியிருந்தார், பையை அந்தக் கருவேல மரத்துக் கிளையில் மாட்டியிருந்தார்.

வெற்றிச்செல்வி குடத்தோடு முதல் சுற்று வந்தாள். தர்மராஜ் கத்தி முனையால் குடத்தில் ஒரு கொத்துக் கொத்தினார். தண்ணீர் அவள் முதுகில் பீய்ச்சியது. இரண்டாவது சுற்றில் இரண்டாவது துளை. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார் கலைமணி. மூன்றாவது சுற்றும் முடிந்தது. அவள் பின்பக்கமாகக் குடத்தை விட்டாள். ‘டொப்’பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கொள்ளிக்கட்டையை வாங்கிக் கையைப் பின்னால் நீட்டி வைத்தாள்.

“திரும்பிப் பாக்காமப் போம்மா. எல்லாரும் அப்புடியே நடங்க, ஒருத்தரும் திரும்பக் கூடாது” என்றார் தர்மராஜ்.

அவள் கலைமணியைக் கடந்து போனாள். பின்னால் பங்காளிகள் போனார்கள், பாலசுந்தரம் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தார். கலைமணி நகரவில்லை. எல்லா முதுகுகளும் வரிசையாக ஓடைப் பாதையில் ஏறத் தொடங்கியபோதுதான் அவருக்குக் குரல் வந்தது. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல்.

“அந்தச் சில்ல எடுத்தாந்தது எங்கண்ணன் இல்ல. நான்தான்.”

பாலசுந்தரத்தின் நடை நின்றது. ஒரு பங்காளியின் தலை லேசாகச் சாய்ந்தது. வெற்றிச்செல்வியின் நடையில் ஒரு மாற்றமும் இல்லை.

“இங்கேருந்து நான்தான் பொறுக்குனேன். அந்தக் கடுதாசியும் நான்தான் எழுதுனேன். எங்கண்ணன் ஒரு தப்பும் பண்ணல.”

யாரும் திரும்பவில்லை. சுடுகாட்டில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். பாலசுந்தரம் சற்று நின்றுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேலே நடந்தார். மற்றவர்களும் நடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாதையில் புழுதி மட்டும் இருந்தது.

தீ பிடித்துக்கொண்டது. தர்மராஜ் எதுவும் கேட்காதவர்போல விறகைச் சரிசெய்யப் போனார்.

கலைமணியின் காலருகே குடம் உடைந்து கிடந்தது. தட்டிப் பார்த்து வாங்கிய குடம். ஒரு துண்டில் துளை முழுசாக இருந்தது, உள்ளே இன்னும் ஈரம். அவர் அதை எடுத்துக்கொண்டு மேடைக்கல்லின் விளிம்பில் உட்கார்ந்தார். ஓரத்தைக் கல்லில் வைத்துத் தேய்த்தார். பெருவிரலால் தடவிப் பார்த்தார், கூராகத்தான் இருந்தது. மறுபடி தேய்த்தார்.